வானத்தில் பறந்து வன்னி மண்ணை அளந்தால் எங்கட கிணறுகளுக்கு என்ன பலன்?

நெடுங்கேணியான்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெடுங்கேணியில் அப்பாவின் மேட்டுக்காணி இரண்டரை ஏக்கர். முதலில் கச்சானும் உழுந்தும் போட்டோம், பிறகு பப்பாசியும் எலுமிச்சையும் வைத்தோம். மாரி பெய்தால் எல்லாம் சரி. ஆவணி, புரட்டாதி வந்தால் கிணற்றில் வாளி அடியில் முட்டும். கடந்த நாலு வருடத்தில் மூன்று குழாய்க்கிணறு அடித்துவிட்டோம். முதலாவது 180 அடி, காய்ந்த கல்லு. இரண்டாவது 260 அடி, அதுவும் காய்ந்த கல்லு. மூன்றாவதில் தண்ணி வந்தது, ஆனால் ஒரு மணித்தியாலம் இறைத்தால் அரை நாள் நிற்பாட்டி வைக்க வேண்டும். கிணறு அடிக்க வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் வளைத்த கம்பி இரண்டைப் பிடித்துக்கொண்டு காணியைச் சுற்றி நடந்து, "இஞ்சதான் ஊற்று" என்று குச்சி நாட்டினார். தண்ணி வராவிட்டாலும் அடிக்கணக்குக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். அம்மாவின் சங்கிலி அப்படித்தான் போனது.

போன கிழமை கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒரு தம்பி சொன்னான், வெளிநாடுகளில் ஹெலிகொப்டரில் பெரிய வளையம் ஒன்றைத் தொங்கவிட்டுப் பறந்தே நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படம் போடுகிறார்களாம். உண்மையா? உண்மையென்றால் வன்னிக்கு ஒத்துவருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரங்கியாறு:

உண்மைதான் அண்ணை. நான் மல்லாவியில் பிறந்தவன். இப்போது மேற்கு அவுஸ்திரேலியாவில் இந்த அளவைகளின் தரவைக் கணினியில் சீராக்கும் வேலை செய்கிறேன். இதற்குப் பெயர் வான்வழி மின்காந்த அளவை. பல நாள் இரவில் திரையில் வேறொரு நாட்டின் நிலத்தை வைத்துக்கொண்டு எங்கட ஊரை நினைத்திருக்கிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவிக்குத் தண்ணி தெரியாது. நிலம் எவ்வளவு இலகுவாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். தண்ணி, களி, கல்லு என்பதெல்லாம் அந்த எண்களைப் பார்த்து நாங்கள் சொல்வது.

வேலை செய்யும் விதம் இதுதான். ஹெலிகொப்டருக்குக் கீழே கயிற்றில் பெரிய கம்பி வளையம் தொங்கும். அது நிலத்துக்கு மேலே 30, 40 மீற்றர் உயரத்தில் போகும். வளையத்துக்குள் பலமான மின்னோட்டத்தை விட்டு, சட்டென்று நிறுத்துவார்கள். நிறுத்தியவுடன் வளையத்தின் காந்தப்புலம் இல்லாமல் போகும். அந்த மாற்றம் நிலத்துக்குள் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்பிவிடும். பள்ளிக்கூடத்தில் மின்காந்தத் தூண்டல் என்று படித்தோமே, அதேதான். சுருட்டுப் பிடிக்கிற பெரியவர் விடும் புகை வளையம் விரிந்துகொண்டு போய் மெல்ல மறைவதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்துக்குள் அந்த மின்னோட்டமும் அப்படித்தான் விரிந்து விரிந்து கீழே இறங்கும். கருங்கல்லுக்குள் அது உடனே கரைந்துவிடும். களியிலும் உவர்த் தண்ணியிலும் அவ்வளவு சீக்கிரம் கரையாமல் நின்று பிடிக்கும். அது கரையும் வேகத்தை ஒரு சிறிய சுருள் அளந்துகொண்டே வரும். முதல் சில மைக்ரோசெக்கனில் வருவது மேல் மண்ணின் கதை, சில மில்லிசெக்கன் கழித்து வருவது ஆழத்தின் கதை.

மின்சாரம் போவதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதைத் தடைத்திறன் என்போம். எண்களாகப் பார்த்தால் கடல்நீரின் தடைத்திறன் 0.2, 0.3 ஓம் மீற்றர் அளவில் இருக்கும். களி என்றால் பெரும்பாலும் 5 இலிருந்து 20 வரை. நல்ல தண்ணி ஊறிய மணல் பல பத்திலிருந்து சில நூறு வரை போகும். உடையாத கருங்கல் ஆயிரக்கணக்கில் நிற்கும். இந்த இடைவெளி பெரிதாக இருப்பதால்தான் இந்த வேலையே நடக்கிறது.

வன்னியின் நிலத்தைக் கொஞ்சம் பாருங்கள். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியன் காலத்துக்கும் முந்திய பழைய பாறை. புவியியலாளர்கள் அதை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி, வன்னித் தொகுதி என்று பிரிக்கிறார்கள். எங்கட மண்ணின் பெயரே ஒரு பாறைத் தொகுதிக்கு இருக்கிறது. வவுனியா, நெடுங்கேணி எல்லாம் அந்தத் தொகுதியின் நைஸ் (gneiss) என்ற கெட்டிப் பாறையின் மேல்தான். ஆனால் வடக்கும் மேற்கும் வேறு கதை. புத்தளம் பக்கத்திலிருந்து மன்னார், பூநகரி வழியாக யாழ்ப்பாணம் வரை மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. பழைய பாறையும் சுண்ணாம்புக்கல்லும் சந்திக்கும் எல்லை பெரும்பாலும் மணலுக்கும் சிவப்பு மண்ணுக்கும் கீழே மறைந்துபோய்விட்டது. நடந்து பார்த்துக் கோடு கீறமுடியாது. அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் இந்த அளவை பொருத்தமானது. முருங்கன், முழங்காவில், கொண்டச்சிப் பக்கங்களில் ஆழத்தில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் நீர்ப்படுகைகள் எதுவரை நீள்கின்றன, அவற்றை மூடியிருக்கும் களி எங்கே தடிப்பு, எங்கே மெல்லிசு என்பதைப் படமாகக் காட்டலாம்.

இந்தியாவில் ஐதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இதை ஹெலிகொப்டரில் செய்கிறது. பரீட்சார்த்தமாக எடுத்த ஆறு இடங்களில் ஒன்று தமிழ்நாட்டின் கடலூர்ப் பக்கம். பிரயாக்ராஜ் அருகே கங்கைக்கும் யமுனைக்கும் நடுவில், மண்ணுக்குள் புதைந்துபோன பழைய ஆற்றுத்தடம் ஒன்றை ஏறத்தாழ 45 கிலோமீற்றர் நீளத்துக்குக் கண்டு 2021 இல் வெளியிட்டார்கள். அதே வருடம் ஒக்ரோபரில் ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து வரண்ட மாநிலங்களுக்கான பெரிய அளவையைத் தொடங்கினார்கள். கனகராயனாறும் அருவியாறும் பாலியாறும் ஒரு காலத்தில் வேறு வழியால் ஓடியிருந்தால், அந்தத் தடங்களும் இப்படித் தெரிய வாய்ப்பிருக்கிறது.

நெடுங்கேணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும் அண்ணை, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கட பக்கம் தண்ணி நிற்பது கல்லுக்கு மேலே உக்கிக் கிடக்கும் படையிலும், கல்லுக்குள் ஓடும் வெடிப்புகளிலும்தான். உக்கல் படை எவ்வளவு தடிப்பு என்பதை ஹெலிகொப்டர் நன்றாகக் காட்டும். ஆனால் அரை அடி அகலமான வெடிப்பு 200 அடி ஆழத்தில் இருந்தால் அதற்குத் தெரியாது. ஒரு தடவையில் அது பார்க்கும் நிலத்தின் அகலமே நூறு மீற்றர் அளவில் வரும். பிரதேசத்தில் எந்தப் பக்கம் தேடலாம் என்பதை வானிலிருந்து அறியலாம். உங்கட காணியில் எந்த மூலை என்பதற்கு நிலத்தில் கம்பி நாட்டிச் செய்யும் தடைத்திறன் அளவைதான் வேண்டும்.

செட்டிகுளம் ரீச்சர்:

நல்ல விளக்கம் தம்பி. எங்கட பக்கம் இருக்கும் பெரிய கவலையைக் கேட்கிறேன். செட்டிகுளத்தில் சிறுநீரக நோய் இல்லாத குறிச்சி குறைவு. என் வகுப்புப் பிள்ளைகளில் மூன்று பேரின் தகப்பன்மார் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார்கள். தண்ணியில் புளோரைட்டு கூட, கல்லுத் தன்மை கூட என்கிறார்கள். இந்த அளவையால் எந்தக் கிணற்றுத் தண்ணி நல்லது, எது கூடாது என்று சொல்லமுடியுமா?

பரங்கியாறு:

முடியாது ரீச்சர். உப்புக் கூடினால் மின்சாரம் கூடக் கடத்தும், அதனால் உவரைக் காட்டும். புளோரைட்டு ஒரு லீற்றருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமில் இருப்பது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 1.5 மில்லிகிராம். அந்த அளவு மாற்றம் வானத்தில் போகிற கருவிக்குத் தெரியாது. போத்தலில் தண்ணி எடுத்து ஆய்வுகூடத்தில் பார்ப்பதுதான் வழி. இந்த நோய்க்கான காரணமும் இன்னும் விவாதத்தில் இருப்பதால், ஒரு படத்தைக் காட்டி "இந்தத் தண்ணியைக் குடிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு உதவி மட்டும் உண்டு. புளோரைட்டு பாறைக்குள் இருக்கும் கனியங்களிலிருந்து கரைந்து வருவது. எந்தப் பாறை எங்கே போகிறது என்ற படம் இருந்தால், எந்தக் கிராமத்துக் கிணறுகளை முதலில் பரிசோதிக்கலாம் என்று ஒழுங்குபடுத்தலாம்.

அளம்பில் மகள்:

இதை வாசித்ததில் இருந்து மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

எங்கட கரையில் இந்த அளவை தேவை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2004 மார்கழியில் கடல் வந்து போன பிறகு வீட்டுக் கிணறு உவராகிப் போனதை நான் கண்ணால் கண்டவள். இறைத்து இறைத்து ஊற்றினோம். நல்ல தண்ணி திரும்ப எத்தனையோ மாரி எடுத்தது. இப்போது கரையோரம் முழுக்க மோட்டர் போட்டு இறைக்கிறார்கள். மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணி எவ்வளவு, கடல் எவ்வளவு உள்ளே வந்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்த வளையம் பனை உயரத்தில் போகும் என்கிறீர்கள். என் அம்மாவுக்கு இப்போதும் மேலே சத்தம் கேட்டால் கை நடுங்கும். வண்டு என்று நாங்கள் சொன்ன ஆளில்லா உளவு விமானம் சுற்றிய நாட்களில் நாங்கள் பங்கருக்குள் இருந்தோம். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போய் வந்த சனம் இது. காலையில் ஒரு ஹெலி வளையத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு மேலே மெல்ல வந்து, திரும்பிப் போய், இருநூறு மீற்றர் தள்ளி மறுபடி வந்தால் இந்தச் சனம் என்ன நினைக்கும்? அளக்கிறோம் என்று கடதாசியில் ஒரு அறிவித்தல் ஒட்டினால் போதாது.

பரங்கியாறு:

அக்கா, நீங்கள் சொன்னதை இங்கே எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. இதை எழுதியதற்கு நன்றி.

மற்ற நாடுகளில் பறப்பதற்கு முன் வீடுவீடாகக் கடிதம் போடுவார்கள், வானொலியில் சொல்வார்கள், பண்ணைக்காரரின் மாடு மிரளும் என்றால் அந்த இடத்தை விட்டுப் பறப்பார்கள். எங்கட ஊருக்கு அதைவிடக் கூட வேண்டும். எந்த நாள், எந்த நேரம், எந்தக் குறிச்சி என்று கிராம அலுவலர் மூலமும் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூலமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வளையத்தைப் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துச் சனத்துக்குத் தொட்டுப் பார்க்க விடவேண்டும். மூத்தவர்கள் வேண்டாம் என்றால் அந்த இடத்துக்கு மேலே போகும் பறப்புக் கோட்டில் பறக்காமல் விடவேண்டும். ஒரு கோடு இல்லாமல் போனால் படம் கெட்டுப்போகாது.

நிலத்துக்கு வரும் காந்தப்புலம் ஆட்களுக்கோ ஆடுமாட்டுக்கோ கெடுதி செய்யும் அளவு இல்லை. பயம் சத்தத்தால்தான், அந்தப் பயம் நியாயமானது.

கரைத் தண்ணி பற்றிக் கேட்டீர்கள். நல்ல தண்ணி உப்புத் தண்ணியைவிடப் பாரம் குறைவு, அதனால் மணலுக்குள் அதன் மேல் வில்லை மாதிரி மிதந்து நிற்கும். கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நல்ல தண்ணி நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நல்ல தண்ணி இருக்கும். மேலே அரை மீற்றரை இறைத்துக் குறைத்தால் கீழே 20 மீற்றர் உப்பு ஏறும். இது எளிய கணக்கு, உண்மையில் நடுவில் ஒரு கலப்புப் படை இருக்கும். பெரிய பரப்பில் இந்த எல்லையைப் பார்க்க வான்வழி அளவை மிக நல்ல முறை, ஏனென்றால் உப்புக்கும் நல்ல தண்ணிக்கும் கடத்துதிறனில் அவ்வளவு வித்தியாசம். அளம்பிலில் இருந்து நாயாறு, கொக்கிளாய் வரை ஓரிரு நாள் பறந்தால் போதும். ஆனால் உவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். உப்பு அந்த மின்னோட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சில பத்து மீற்றருக்குக் கீழே கண் மறைந்துவிடும்.

முருங்கன் வாசன்:

எல்லாரும் தண்ணி தண்ணி என்கிறீர்கள். நான் வேறொன்று கேட்கிறேன், கோபிக்கவேண்டாம்.

எங்கட முருங்கன் களியைத்தான் ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துக்கு அள்ளிப்போனார்கள். அள்ளின குழிகள் எங்களுக்கு மிச்சம். மன்னார்த் தீவில் இல்மனைற் என்ற கனியம் கலந்த மணலுக்காகத் துளை போட வந்தபோது சனம் றோட்டில் இறங்கி நின்றது. இன்னும் நிற்கிறது. இந்த ஹெலிகொப்டர் கனியம் தேடுகிறவர்களின் கருவி என்று பரங்கியாறு தம்பிக்கும் தெரியும். நாளைக்குத் தண்ணிக்கு என்று பறந்து, படத்தை எடுத்துக்கொண்டுபோய் எங்களுக்குத் தெரியாமல் விற்றால்? இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் விசயத்தில் கிளிநொச்சிக் கமக்காரரையும் யாழ்ப்பாணத்தாரையும் எதிரெதிரே நிறுத்தியது போதாதா? இப்போது நிலத்துக்கு அடித் தண்ணியையும் படம் போட்டுக் கொடுக்கவா?

பரங்கியாறு:

கோபம் இல்லை அண்ணை. கேட்கவேண்டிய கேள்வி.

நீங்கள் சொல்வது சரி, இந்த முறை கனியத் தேடலில்தான் வளர்ந்தது. 1950களில் கனடாவில் உலோகத் தாது தேடியவர்கள் இதைப் பெரிதாக்கினார்கள். நியூ பிரன்சுவிக் மாநிலத்தில் ஹீத் ஸ்டீல் தாதுப்படிவு 1954 இல் இப்படித்தான் பிடிபட்டது. ஒன்ராறியோவில் ரிமின்ஸ் நகருக்குப் பக்கத்துக் கிட் கிறீக் சுரங்கமும் அப்படித்தான். 1959 இல் வானிலிருந்து கண்ட ஒரு அடையாளத்தை 1963 இல் துளைத்துப் பார்த்தபோது செம்பும் துத்தநாகமும் வெள்ளியும் அவ்வளவு கிடந்தது. ஏனென்றால் அந்தத் தாதுக்கள் மின்சாரத்தை நன்றாகக் கடத்துபவை.

இலங்கையில் அப்படிக் கடத்துவது காரீயம். பென்சில் செய்கிறதே, அந்தக் கரி. அதன் பெரிய சுரங்கங்கள் போகலவும் கஹட்டகஹவும், அவை தெற்கே. திருகோணமலைப் பக்கம் சேருவிலவில் 1971 இல் செம்பும் இரும்பும் கலந்த படிவு ஒன்று கண்டார்கள். இந்த வகைக்கு இந்த அளவை உதவும். இல்மனைற் மணலை வளையம் காட்டாது. அதைத் தேடுபவர்கள் துளை போட்டு மணலை எடுத்து எண்ணிப் பார்ப்பார்கள், அல்லது அதே விமானத்தில் கதிரியக்கமானியும் காந்தமானியும் பூட்டுவார்கள். அதனால் ஒருவன் பறக்க வந்தால் முதலில் நீங்கள் கேட்கவேண்டியது, "என்னென்ன கருவி பூட்டியிருக்கிறாய்?" என்பதுதான். மன்னார்க் கடலில் 2011 இல் கண்ட எரிவாயுவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அது ஆழ்கடலுக்குக் கீழே கிடக்கிறது, கடல்நீரைத் தாண்டி இந்தக் கருவி அவ்வளவு தூரம் போகாது.

தரவு யார் கையில் என்பதுதான் உண்மையான பிரச்சினை. டென்மார்க்கில் குடிதண்ணி ஏறக்குறைய முழுதும் நிலத்தடியில் இருந்து வருகிறது. 1999 இலிருந்து 2015 வரை நாட்டின் ஏறத்தாழ 40 சதவீத நிலத்தை அளந்தார்கள். ஓகஸ் பல்கலைக்கழகத்து ஆட்கள் தண்ணிக்கென்றே ஒரு ஹெலிகொப்டர் முறையையும் உண்டாக்கினார்கள். அளந்த தரவு எல்லாம் பொதுவான ஒரு தேசியக் களஞ்சியத்தில் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். அவுஸ்திரேலிய அரசு 2017 இல் தொடங்கி 20 கிலோமீற்றர் இடைவெளிக் கோடுகளில் நாட்டின் பெரும்பகுதியை விமானத்தால் அளந்து இலவசமாக வெளியிடுகிறது. கலிபோர்னியா மாநிலம் 2021 இலிருந்து நீர்ப்படுகைகளை அளந்து அப்படியே வெளியே போட்டது. கம்பனி மட்டும் படத்தை வைத்திருந்தால் நீங்கள் பயப்படுவது நடக்கும். கமக்காரரின் கையிலும் அதே படம் இருந்தால், பேசப் போகிற மேசையில் அவருக்கும் ஒரு கதிரை உண்டு. பறக்க விடுவதற்கு முன்பே இதை எழுத்தில் வாங்கவேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

முருங்கன் வாசன்:

சரி. எழுத்தில் வாங்கினால் நான் எதிர்க்கமாட்டேன். வாய்ப்பேச்சை இனி நம்பமாட்டேன்.

யானைவேலி:

ஒரு சின்னக் கேள்வி. வவுனியா வடக்கு முழுக்க யானைக்குக் கறண்ட் வேலி. அது குழப்பாதா?

பரங்கியாறு:

குழப்பும். வேலிக் கம்பி, றெயில் தண்டவாளம், ஏ9 றோட்டோரக் கறண்ட் கம்பி, சுன்னாகத்துக்குப் போகும் உயர் அழுத்தக் கம்பி எல்லாமே அந்தச் சுழல் மின்னோட்டத்தைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லும். அவற்றுக்குப் பக்கத்தில் நூறு, நூற்றைம்பது மீற்றர் தரவை வெட்டி எறிந்துவிடுவோம். காட்டில் வேறு ஒரு கரைச்சல். பாலையும் வீரையும் உயர்ந்து நிற்கும் இடத்தில் விமானி வளையத்தைத் தூக்கிப் பிடிக்கவேண்டும், தூக்கினால் சமிக்ஞை மெலியும். அதோடு வெடிபொருள் இன்னும் அகற்றாத காட்டுக்குள் ஆள் இறங்கி அளக்க முடியாது, அங்கே வானத்தால் போவது பெரிய உதவி. ஆனால் இது மிதிவெடியைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல, அதை யாரும் தப்பாக எடுத்துவிடாதீர்கள்.

கனகராயன்:

தம்பிமார், நான் குழாய்க்கிணறு அடிக்கும் ரிக்கில் 28 வருடம் நின்றவன். இப்போது வயது 67. இந்த இழையை என் மகள்தான் வாசித்துக் காட்டினாள், நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

பரங்கியாறு தம்பி சொன்னதில் ஒரு இடத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. கண்டாவளைப் பக்கம் நான் அடித்த ஒரு கிணற்றில் 20 அடியிலிருந்து 70 அடி வரை கரும் களி. பக்கத்துக் கிராமத்தில் அதே ஆழத்தில் மணல், மணலுக்குள் உவர். உங்கட கருவிக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்? களியும் கடத்தும், உப்பும் கடத்தும். படத்தில் இரண்டும் ஒரே நிறம். ஒன்றில் கீழே போனால் நல்ல தண்ணி, மற்றதில் கேசிங் குழாய் இறக்கின காசும் நட்டம். அப்போது யாரைக் கேட்பீர்கள்?

பரங்கியாறு:

ஐயாவைத்தான் கேட்கவேண்டும். நான் இங்கே செய்யும் வேலையின் அரைவாசி அதுதான்.

ஐயா சொன்னது மிகச் சரி. அதுவும் ஒரு பிரச்சினை மட்டும் இல்லை. ஒரே அளவைக்குக் கணினி தரக்கூடிய விடையே ஒன்று மட்டும் இல்லை. பத்து மீற்றர் தடிப்பான மிதமான களியும், ஐந்து மீற்றர் தடிப்பான நல்ல கொழுத்த களியும் மேலே ஒரே மாதிரிச் சமிக்ஞை தரலாம். எது உண்மை என்று தீர்க்க நிலத்தில் ஒரு துளை வேண்டும். துளையின் பதிவு வேண்டும். எங்கே, எத்தனை அடியில், என்ன நிறத்தில், என்ன மண், எந்த இடத்தில் தண்ணி பட்டது, தண்ணி உவரா நல்லதா. பறப்பதற்குப் பெரும் காசு போகும், அதை அரசாங்கம்தான் செய்யமுடியும். எப்போது செய்யும் என்று எங்கட கையில் இல்லை. ஆனால் துளைப் பதிவுகள் இல்லாமல் பறந்தால் அந்தக் காசு அரைவாசி வீண்.

நான் கேட்கிறேன் ஐயா, அந்தப் பதிவுகள் இருக்கின்றனவா?

கனகராயன்:

திணைக்களங்களுக்குக் கொடுத்த படிவங்கள் போரில் எத்தனை போனதோ. நான் எனக்கென்று ஒற்றை றூல் கொப்பிகளில் எழுதி வைத்தேன். ஒன்பது கொப்பி இருந்தது. இடம்பெயர்ந்தபோது மூன்றுதான் பையில் வந்தது. ஒன்று நனைந்து ஒட்டிவிட்டது. மற்ற இரண்டும் இருக்கிறது. மகள் ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதுகிறாள், நான் அந்த நாளில் எழுதினபடியே, எண்கள் எல்லாம் அடியில்:

"0–4 சிவப்பு மண். 4–11 கிறவல். 11–27 உக்கல் கல்லு, மஞ்சள், கையால் உடையும். 27–63 கருங்கல், புழுதி சாம்பல் நிறம். 63 இல் கல்லுத் துண்டில் துரு நிறம், புழுதி ஈரமாகிப் படிந்தது. 66 இல் தண்ணி. 66–120 கருங்கல். நல்ல தண்ணி, கொஞ்சம் கல்லுத் தன்மை."

அந்தத் துரு நிறம் முக்கியம். வெடிப்புக்குள் காலங்காலமாகத் தண்ணி ஓடினால்தான் கல்லில் அந்தக் கறை பிடிக்கும். புழுதி சுத்தச் சாம்பலாக வந்துகொண்டே இருந்தால் நான் முதலாளியிடம் நிற்பாட்டச் சொல்லுவேன். கேட்கமாட்டார்கள், அடிக்கணக்கில் காசு.

பரங்கியாறு:

ஐயா, அந்த இரண்டு கொப்பியையும் ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே. நனைந்த கொப்பியை இழுத்துப் பிரிக்கவேண்டாம். அப்படியே நிழலில் வைத்திருங்கள், பழைய ஏடுகளைப் பாதுகாக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

மற்றவர்களிடமும் கேட்கிறேன். உங்கட காணியில் குழாய்க்கிணறோ வெட்டுக்கிணறோ இருந்தால் எழுதி அனுப்புங்கள். போனில் ஜிபிஎஸ் எண்ணை எடுத்து எழுதினால் போதும். இடம் தெரியாத பதிவு எங்களுக்குப் பயன்படாது. ஆழம் சரியாக ஞாபகம் இல்லை என்றால் "ஞாபகத்தில்" என்று போடுங்கள். காய்ந்த கிணற்றையும் கட்டாயம் எழுதுங்கள். தண்ணி வந்த கிணற்றை எல்லாரும் சொல்லுவார்கள், வராததை மறைப்பார்கள். படத்தைத் திருத்துவதற்கு வராததும் அதே அளவு வேண்டும். நான் ஒரு அட்டவணையில் போட்டு எல்லாருக்கும் திறந்து வைக்கிறேன்.

நெடுங்கேணியான்:

என்னுடையது மூன்றும்.

முதலாவது, காணியின் மேற்கு வேலிக்குப் பக்கம், மேட்டில். 180 அடி. 9 அடியில் கல்லுத் தட்டுப்பட்டது. அதன் பிறகு முழுக்கச் சாம்பல் புழுதி. காய்ந்தது.

இரண்டாவது, அதிலிருந்து 40 மீற்றர் கிழக்கே. 260 அடி. 12 அடியில் கல்லு. சாம்பல் புழுதிதான். காய்ந்தது.

மூன்றாவது, கிழக்கு மூலை, வயலுக்கு இறங்கும் பள்ளத்தில். 31 அடி வரை மஞ்சள் உக்கல், கையால் உடைந்தது. அதற்குக் கீழே கல்லு. 34 அடியில் கொஞ்சத் தண்ணி. 150 அடியில் நிற்பாட்டினோம். ஆழங்கள் ஞாபகத்தில், ஆனால் நான் பக்கத்தில் நின்றேன்.

கனகராயன்:

பார்த்தீரா தம்பி, மேட்டில் கல்லு 9 அடியில், பள்ளத்தில் 31 அடியில். கல்லு கிழக்கே சரிந்து போகிறது. உம்முடைய தண்ணி உக்கலுக்கும் கல்லுக்கும் நடுவில்தான் நிற்கிறது, ஆழத்தில் இல்லை. நாலாவது குழாய் அடிக்காதேயும். அந்தப் பள்ளத்தில் அகலமாக ஒரு வெட்டுக்கிணறு, 35 அடி, கல்லு வரை வெட்டும். அகலம் கூடினால் இராவில் ஊறி நிறையும், காலையில் இறைக்கலாம். வெட்டுவதற்கு முன் இன்னும் கிழக்கே, வயல் வரம்புப் பக்கம், கையால் திருகும் மண் துளைப்பானால் இரண்டு மூன்று இடத்தில் துளைத்துப் பாரும், உக்கல் எவ்வளவு போகிறது என்று. ஆவணியில் பாரும், மாரியில் பார்த்தால் ஏமாறுவீர்.

அளம்பில் மகள்:

அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன். அளம்பில், கடலில் இருந்து நடந்தால் ஏழு எட்டு நிமிடம். வெட்டுக்கிணறு, கொங்கிறீற் வளையம் இறக்கியது. 14 அடி. முழுக்க மணல், கடைசி 2 அடியில் சிப்பி கலந்த சாம்பல் மணல். மாசியில் தண்ணி 5 அடியில், ஆவணியில் 9 அடியில். 2004 இற்கு முன் தேத்தண்ணிக்கு நல்லது. இப்போது ஆவணியில் சோறு காய்ச்சினால் உப்புத் தெரியும், பயறு அவியாது. ஜிபிஎஸ் எண்ணைத் தனிமடலில் போட்டிருக்கிறேன், பரங்கியாறு தம்பி.

பக்கத்து வீட்டுக் கிணறு 11 அடி, அதன் விபரம் நாளைக்கு.